இடது பக்கத்து பிரேக்

பதினோரு வருஷமாகப் பால்சாமிக்கு ஒரு மனக்குறை. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள் என்பது அதற்கு மேல் இன்னொரு மனக்குறை.

அவனுடைய டெம்போ டிராவலரில் டிரைவருக்கு இடது கைப்பக்கம் ஒற்றை சீட் ஒன்று உண்டு. அந்த சீட்டுக்கு முன்னால் விரித்திருக்கும் கறுப்பு ரப்பர் மேட்டில், வலது பாதம் அழுந்துகிற இடத்தில், ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. எலி கடித்த ஓட்டை அல்ல. பீடி சுட்ட ஓட்டையும் அல்ல. வருஷா வருஷம் டூருக்கு ஏறுகிற வஞ்சுளவல்லி மிதித்து மிதித்து விழுந்த ஓட்டை.

பிரேக் இருப்பது பால்சாமியின் காலடியில். ஆனால் பிரேக் போடுவது அந்தம்மா. முன்னால் போகிற லாரியின் வாலில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், 'தொம்' என்று அவள் கால் தரையில் இறங்கும். கூடவே வாய். "பாத்து... பாத்து... ஏலே, ஆடு!" அந்த ஆடு அரை மைலுக்கு அப்பால் வரப்பில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அது ரோட்டுக்கு வருகிற யோசனையிலேயே இராது.

பால்சாமி சேத்தூர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்தெட்டு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறான். மாங்காய் லோடு அடித்திருக்கிறான், பஞ்சு மூட்டை ஏற்றியிருக்கிறான், இப்போது சொந்த வண்டி வைத்து ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் நிறுத்தி சவாரி அடிக்கிறான். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. தேவதானத்தில் ஒரு கோழி அடிபட்டது உண்மைதான். அது தானாக வந்து விழுந்த கோழி. அதைச் சேர்க்க முடியாது. அப்படிப்பட்டவன் பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்து வருஷா வருஷம் தரையை மிதித்துக்கொண்டே வந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்?

அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி கேட்டாள். "அவியள பின் சீட்டுல போயி உக்காருங்கன்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லுதேன்."

"பதினோரு வருசமா இதத்தான் சொல்லுதீக. எங்கிட்டச் சொல்லுதீக, அவியகிட்டச் சொல்ல மாட்டேங்கீக."

"இந்தத் தடவ சொல்லிருவேன். ஒண்ணு பின் சீட்டு, இல்ல வேற வண்டி. ரெண்டுல ஒண்ணு."

மாரீஸ்வரி மாவாட்டப் போய்விட்டாள். அது அவனுக்கு இன்னும் எரிந்தது. இந்த வருஷ டிரிப்பிலேயே சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினான்.

வஞ்சுளவல்லிக்கு வருகிற தையில் ஐம்பத்தொன்பது முடிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் திரும்புகிற முக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. புருஷன் பாண்டி, மில் வாட்ச்மேன். அவன் 'சோறு போதும்' என்று சொல்லுமுன்னே இவள் கரண்டியை நிறுத்திவிடுவாள், அவனும் அதுவே தன் வயிற்றின் அளவு என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, அங்கே வேறு பஸ் மாறி, சோழபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு நைட்டிக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வருகிற நைட்டியை உதறி, தூக்கிப் பிடித்து, கழுத்து கோணியிருக்கிறதா, பை இறங்கியிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. அவள் "நிப்பாட்டு" என்று ஒதுக்கிய உருப்படி ஒரு அடி மேற்கொண்டு நகராது. லாரி வந்து வாசலில் நிற்க, முதலாளியே வந்து "போகட்டும் விடுங்கம்மா" என்று கெஞ்சியும், ஒரு தடவை முந்நூறு நைட்டியின் கையைப் பிரித்து மறுபடி தைக்க வைத்தவள். தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை காப்பி டம்ளரை வாங்கும்போது கை நடுங்குகிறது என்று தாம்பூலத் தட்டையே நிறுத்தியவள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்தப் பெண் இப்போது வேறொருவனைக் கட்டி நன்றாகத்தான் இருக்கிறாள். அது வேறு விஷயம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பது பால்சாமிக்குத் தெரியும். தெரிந்து என்ன, எரிச்சல் குறையவில்லை.

அவள் அப்பா சுந்தரராஜன் ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். ஆடிப்பூரத்துக்கு வடம் பிடிக்க எத்தனையோ ஆயிரம் பேர் வருவார்கள். 'கோவிந்தா' என்று ஒரு சத்தம் கிளம்பும், அம்புட்டுப் பேரும் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள், தேர் அசையும். ஆனால் அசைந்த தேரை நிறுத்துகிறவன் சக்கரத்துக்கு ஒருவன்தான். உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். முந்தினால் கட்டை தெறித்துப் போகும், பிந்தினால் கை போகும். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் அப்படிப் போயிற்று. வஞ்சுளவல்லி அப்போது ஏழு வயசுப் பிள்ளை, மாமன் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

இரண்டாம் வருஷ டிரிப்பில், திருச்செந்தூர் போகிற வழியில், அவளே இதைச் சொன்னாள். "இழுக்க ஆயிரம் பேரு வருவான் பால்சாமி. நிப்பாட்ட ஒருத்தன் வேணும்லா?"

"அதுக்கு எம் வண்டியில ஒங்களுக்கு என்னக்கா வேல? எனக்குத்தான் காலு இருக்கே."

"ஒனக்கு இருக்கு. ஆனா நீ அத ஆக்சிலேட்டர்லயும்லா வச்சிருக்க?"

திருச்செந்தூர் வரும்வரை பால்சாமி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து வைத்தான். 

ஒவ்வொரு வருஷமும் ஆடித் தேர் முடிந்து ஆவணி பிறந்ததும் கம்பெனிப் பொம்பளைகள் சேர்ந்து வண்டி பிடித்து டூர் போவார்கள். எல்லாம் கோயில் டூர்தான். இந்த வருஷம் இன்பம் கெடுத்தாள். இன்பம் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவள் மகன் பெனின் ஆறு வருஷமாகக் குடகில் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "போட்டு ஓட்டுதான்" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் அவன் போனில் வீடியோ அனுப்பியிருந்தான். காற்றடைத்த ஆரஞ்சு நிற ரப்பர் படகு, பாறைக்கு நடுவே நுரை கக்குகிற தண்ணீரில் மேலேயும் கீழேயும் எகிறிக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கிறவர்கள் துடுப்பும் கையுமாக அலறுகிறார்கள். அலறுவதற்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தவர்களாம்.

"எம் மவன் என்னதான் செய்யுதான்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துருவோம்க்கா" என்றாள் இன்பம்.

வஞ்சுளவல்லி போனைக் கை நீட்டிப் பிடித்து நாலு தடவை பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுக்கு பிரேக்கு எங்கட்டி இருக்கு?"

"பிரேக்கு கெடையாதாம்க்கா."

"அப்பம் நானும் வாரேன்."

பதின்மூன்று பொம்பளைகள் ஏறினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, புளியோதரை வாளி ஏறிவிட்டது, வஞ்சுளவல்லி முன் சீட்டில் ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை ஓட்டையில் பொருத்திக்கொண்டாள். 

பண்ணாரியில் காலை ஆறு மணிக்குச் செக்போஸ்ட் திறந்தது. அதற்கு மேல் திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. இருபத்தேழு 'தொம்'. பதினாலாவது வளைவில் பால்சாமி தொண்டையைச் செருமினான்.

"யக்கா, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"ரோட்டப் பாத்துச் சொல்லு."

ரோட்டைப் பார்த்தான். கரும்பு லாரி ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. ஒதுங்கி, நின்று, அது போகிறவரை மூச்சைப் பிடித்து, மறுபடி கியர் போட்டு ஏறுவதற்குள் விஷயம் தொண்டைக்குக் கீழே இறங்கிப் போய்விட்டது. மைசூருக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் மறுபடி ஆரம்பித்தான். "யக்கா, நீங்க பின் சீட்டுல..." அதற்குள் அவள், "ஆமா, பின் சீட்டுல நாராயணி வாந்தி எடுத்துருக்கா. ஒரு வாளி தண்ணி வாங்கிட்டு வா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தான். கழுவியதும் அவன்தான்.

அன்று ராத்திரி குடகு போய் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனார்கள். அந்த ஆற்றின் பெயர் கடைசிவரை பால்சாமி வாயில் நுழையவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஆறு, டீ நிறத்தில் இரைந்துகொண்டு போனது. பெனின் முப்பது வயசு ஆள், வெயிலில் கறுத்து, தோளெல்லாம் தடித்து, தலையில் ஹெல்மெட்டோடு நின்றான். அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எம்மா, நீ பேண்ட்டா போட்டிருக்க?"

புடவையோடு படகில் ஏறக் கூடாது என்று அவன்தான் முன்கூட்டிச் சொல்லியிருந்தான். அதற்காகக் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய நைட்டித் துணியில் ஆளுக்கு ஒரு பேண்ட் தைத்துவிட்டார்கள். இன்பத்துக்கு ரோஜாப்பூ போட்டது, நாராயணிக்குப் புள்ளி போட்டது, வஞ்சுளவல்லிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கோடு போட்டது. ஏழு பேர் படகில் ஏறுவது, மீதி ஆறு பேர் கரையில் நின்று சாமி கும்பிடுவது என்று ஏற்பாடு. பால்சாமி கைலியை உதறிக் கட்டிக்கொண்டு, வண்டியில் சீட்டைச் சாய்த்துத் தூங்கப் புறப்பட்டான்.

"ஏலே பால்சாமி, எங்க போற? ஒம் பேரும் போட்டாச்சு."

"எதுக்கு?"

"படகுக்கு. எட்டுப் பேரு வேணுமாம், பக்கத்துக்கு நாலு. ஏழுன்னா ஒரு பக்கமா இழுக்குமாம்."

"நான் டிரைவருக்கா. எனக்கு என்ன சோலி அங்க?"

"டிரைவர் ஒருத்தன் வேணும்லா படகுல?"

ஃபாரத்தை வாங்கிப் பார்த்தான். உயிருக்கு எதுவும் நேர்ந்தால் படகுக் கம்பெனி பொறுப்பில்லை என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே அவன் பெயர், அப்பா பெயர், ஊர், ரத்தம் எந்த குரூப் என்பதுவரை வஞ்சுளவல்லியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"எம் ரத்தம் என்ன குரூப்புன்னு ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"ஒன் லைசென்ஸ்ல போட்டிருக்கு. பதினோரு வருசமா எம் மூக்குக்கு நேராத்தான சொருகி வச்சிருக்க?"

"எங்கிட்ட பேண்ட் கெடையாது. கைலிதான்."

அவள் ஒயர்கூடைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பச்சைத் துணி. துணி பூராக் கிளி. பிரித்து இடுப்பில் வைத்துப் பார்த்தான். தையற்காரன் டேப்பு வைத்து அளவு எடுத்திருந்தால்கூட இப்படிப் பொருந்தாது. அப்படியானால் ஊரைவிட்டுக் கிளம்புமுன்னே இது முடிவான விஷயம்! அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அந்தக் கிளிகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீச்சல் தெரியுமாண்ணே?" என்று பெனின் கேட்டான்.

"கெணத்துல மேல் படியிலருந்து குதிச்சவன்டா நான்."

"கெணத்துத் தண்ணி நிக்கும்ணே. இது நிக்காது." பிறகு எல்லாருக்குமாகச் சத்தம் போட்டுச் சொன்னான். "நான் ஃபார்வர்டுன்னா முன்னால தள்ளணும். பேக்வர்டுன்னா பின்னால. ஸ்டாப்னா துடுப்பத் தூக்கிரணும். நான் சொல்லுதத மட்டுந்தான் கேக்கணும். வேற யாரு சத்தம் போட்டாலும் காதுல வாங்கப்புடாது." இந்தக் கடைசி வார்த்தையை அவன் வஞ்சுளவல்லியைப் பார்த்துத்தான் சொன்னான். வளர்ந்தது அவள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் அல்லவா.

"என்னய ஏம்லே பாக்க? நான் என்ன சத்தமா போடுதேன்?" என்றாள் அவள்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி, படகின் விளிம்பில் உட்கார வைத்தான். கடைசியில் பெனின், அவனுக்கு முன்னால் இன்பம், நடுவில் மற்றவர்கள். முன் வரிசையில் இடது பக்கம் வஞ்சுளவல்லி, வலது பக்கம் பால்சாமி. இங்கேயும் அதே கூத்து. ஸ்டீயரிங் மட்டும் இல்லை.

முதல் இரண்டு இறக்கமும் சுகமாகப் போயின. படகு பள்ளத்தில் விழும்போதெல்லாம் வஞ்சுளவல்லியின் கால் 'தொம்' என்றது. ஆனால் படகின் அடிப்பாகம் காற்றடைத்தது, மிதித்த கால் மிதித்த வேகத்தில் திரும்பி மேலே வந்தது. பால்சாமிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"என்னக்கா, பிரேக் புடிக்கலையோ?"

"வாய மூடு. தண்ணி போயிரும்."

மூன்றாவது இறக்கம் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் துடுப்புப் போடாமல் சும்மா மிதந்து நுழைய வேண்டும், பெனின் ஒருவனே பின்னாலிருந்து திருப்புவான். "ஸ்டாப்!" என்றான். எட்டுத் துடுப்பும் மேலே போயின. படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாறை நெருங்கியது. அடுத்தாற்போல முன்னால் இருந்த ஆறு காணாமல் போனது. ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே எங்கேயோ வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கோவிந்தா!" என்று அலறினாள் வஞ்சுளவல்லி.

பயத்தில் வந்த சத்தம்தான். வேறு ஊர்க்காரர்கள் படகில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏறியிருந்தது அம்புட்டும் ஆடிப்பூரத்துக்கு வடம் பிடித்த கூட்டம். 'கோவிந்தா' என்று காதில் விழுந்தால் கை இழுக்கும், புத்தியைக் கேட்டுக்கொண்டிராது. ஏழு பொம்பளைகளும் மூச்சைப் பிடித்துத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற இன்பமும் இழுத்தாள், தேரன்றைக்கு அவள் வீட்டிலும் ஆள் இராது. தான் சேத்தூர்க்காரன் என்று சொல்லிக்கொள்கிற பால்சாமியும் இழுத்தான். இழுத்து முடித்த பிறகுதான் இழுத்தது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்ப வேண்டிய பெனின், திருப்ப மறந்துவிட்டுத் தானும் ஒரு இழுப்பு இழுத்தான்.

படகு நேராகப் போய் இடது பக்கத்துப் பாறையில் மோதி, மேலே ஏறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பெனின் சரிந்த ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டான்.

"யாரு சத்தம் போட்டது?" என்றான் பெனின்.

எல்லார் கண்ணும் ஒரு பக்கமாகப் போயின.

"ஏலே, நீயுந்தான இழுத்த? நான் பாத்தேன்" என்றாள் இன்பம்.

"எம்மா, நீ சும்மா இரு."

பால்சாமிக்குள் பதினோரு வருஷம் பொங்கி மேலே வந்தது. இதைவிட நல்ல சமயம் ஏது? "யக்கா! வருசா வருசம் பிரேக்கு, பிரேக்குன்னு எம் வண்டித் தரையப் பேத்தீக. பிரேக்கே இல்லாத எடத்துல வந்து ஆக்சிலேட்டர மிதிச்சுட்டீகளே!" பொம்பளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சூட்டிலேயே மிச்சத்தையும் கொட்டினான். "சாட்சிக்கு எல்லாரும் இருக்காக, கேட்டுக்கோங்க. ஊருக்குத் திரும்புதப்பம் நீங்க பின் சீட்டு. முன் சீட்டுப் பக்கமே வரப்புடாது. சொல்லிட்டேன்."

வஞ்சுளவல்லி சண்டைக்கு வருவாள் என்று இருந்தான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. பாறையை உரசி ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள்.

அம்புட்டுத்தான். பதினோரு வருஷக் குறை ஒரு 'சரி'யில் முடிந்துவிட்டது. பால்சாமிக்கு என்னவோ போலாயிற்று.

பெனின் எல்லாரையும் வலது பக்கம் தாவச் சொல்லி, குதிக்கச் சொல்லி, பாறையைத் துடுப்பால் நெம்பச் சொல்லிப் பார்த்தான். படகு அசையவில்லை. நாலு தடவை நெம்பி எல்லாருக்கும் கை ஓய்ந்தது. அப்போது அவள் கையைத் தூக்கினாள்.

"நிப்பாட்டுங்க. பெனின், தண்ணி ஒரே மாதிரியா வருது? ஏறி ஏறித் தணியுது, பாரு. நீங்க தணியும்போது நெம்புதீக. தேரு வரும்போதுதான் கட்டை போடணும், போன பொறவு போட்டு என்னத்துக்கு? நான் சொல்லும்போது நெம்புங்க."

பெனின் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "சரி, சொல்லுங்க பெரியம்மா."

அவள் இடது கையைப் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் ஒரு தடவை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஏறி இறங்கியது. "இருங்க... இருங்க..." மூன்றாவது தடவை படகின் அடியில் லேசாக ஒரு உறுமல் கேட்டது. "இப்பம்!"

நெம்பினார்கள். படகு பாறையைவிட்டுச் சறுக்கி இறங்கியது. இறங்கிய வேகத்தில் சுற்றித் திரும்பி, பின்பக்கம் முன்னாலும் முன்பக்கம் பின்னாலுமாக அந்தச் சந்துக்குள் பாய்ந்தது.

போகிற இடம் பால்சாமிக்குத் தெரியவில்லை. வந்த பாறை மட்டும் தூரத்தில் சின்னதாகிக்கொண்டு போனது. இருபத்தெட்டு வருஷத்தில் கண்ணாடியில் பார்த்து ரிவர்ஸ் எடுத்திருக்கிறான், ஆனால் இப்படிப் பார்க்காமல், பிடிக்க ஒன்றும் இல்லாமல், மலையிறங்கியதில்லை. படகு ஒரு பள்ளத்தில் விழுந்தது. தொம். இன்னொன்றில் விழுந்தது. தொம். தொம்.

மூன்றாவது 'தொம்'முக்குத்தான் அது அவன் கால் என்று அவனுக்கே உறைத்தது. கிளி போட்ட பேண்ட்டுக்குள் அவன் வலது கால் விறைத்து நின்றது. தன்னால் ஆன மட்டும் ரப்பர் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வஞ்சுளவல்லி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை அவன் காலில் இருந்தது. படகு சந்தைத் தாண்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, அமைதியான மடுவில் வந்து நின்றது. எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்குள்ளே அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் கேட்டாள்.

"புடிச்சுதா?"

பால்சாமி அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

கரையேறியதும் இன்பம் மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஆறு வருசமா இந்தச் சோலிதான் பாக்கியா நீ? பாவி!" அடித்த கையாலேயே தலையையும் துவட்டிவிட்டாள். பெனின் அந்த ஈரத் துண்டுக்குள்ளிருந்து வஞ்சுளவல்லியிடம் கெஞ்சினான். "பெரியம்மா, அந்தக் கோவிந்தாவ மட்டும் எங்க ஆபீசுல சொல்லிராதீக. கைடே துடுப்புப் போட்டான்னு தெரிஞ்சா மானம் போயிரும்." நாராயணிக்கு வேறு சந்தேகம். "யக்கா, பால்சாமியண்ணன் மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறிக் கெடக்கு? பயந்துட்டாரோ?"

பால்சாமிக்குக் காது சுட்டது. இனி இந்தக் கதை சோழபுரம் கம்பெனியில் நூறு மிஷினுக்கு நடுவே ஓடும், பஞ்சு மார்க்கெட் ஸ்டாண்டுக்கு வரும், மாரீஸ்வரி காதுக்குப் போகும் என்று நினைத்தான்.

"அவனுக்கென்ன பயம்? அவன் டிரைவர்லா" என்றாள் வஞ்சுளவல்லி. துண்டை உதறி முடியைத் துவட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும்போது, சொன்ன சொல் தவறாமல், அவள் பின்னால் போய் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். "முன்னால போகலையாக்கா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "டிரைவர் சொன்னாக் கேக்கணும்லா" என்றாள். முன் சீட்டில் புளியோதரை வாளி உட்கார்ந்தது.

பால்சாமி நிம்மதியாகத்தான் வண்டியை எடுத்தான். மைசூர்வரை அந்த நிம்மதி இருந்தது. திம்பம் இறக்கத்தில் போயிற்று.

ஐந்தாவது வரிசையிலிருந்து ரோடு தெரியாது. அதனால் வஞ்சுளவல்லி இன்பத்திடம் கேட்டாள், இன்பம் முன்னால் இருந்தவளிடம் கேட்டாள், அவள் ஜன்னலோரம் இருந்த நாராயணியிடம் கேட்டாள். நாராயணி "லாரி வருது" என்றாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. "லாரியாம்." "லாரியாம்க்கா." கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து 'தொம்' என்று சத்தம் வருவதற்குள் லாரி இரண்டு வளைவு மேலே ஏறிப் போயிருக்கும். போன லாரிக்குப் பிரேக், இல்லாத பஸ்ஸுக்குப் பிரேக். நாலாவது வளைவில் நாராயணியும் மிதிக்க ஆரம்பித்தாள். ஏழாவது வளைவில் பதின்மூன்று காலும் மிதித்தன. வண்டி மலையிறங்குவது மாதிரியா இருந்தது? நெல்லுக் குத்துகிற மாதிரி இருந்தது.

பால்சாமி ஒன்பதாவது வளைவைத் தாண்டி, அகலமாக இருந்த ஒரு இடத்தில் வண்டியை ஒதுக்கினான். பிறகு இறங்கி, முன் சீட்டிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தான்.

"யக்கா, முன்னால வாங்க."

"ஏன்? வண்டி நல்லாத்தான போகுது?"

"வாங்கன்னா வாங்க. பின்னால வெயிட்டு கூடிப்போச்சு."

"நான் என்ன அம்புட்டு வெயிட்டாவா இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். காலை ஓட்டையில் பொருத்தினாள். மிச்சம் பதினெட்டு வளைவுக்கும் பதினெட்டு 'தொம்' விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் பால்சாமி பல்லைக் கடித்தான். ஒன்றிரண்டு அவன் கால் பிரேக்கில் இறங்கிய அதே நேரத்துக்கு விழுந்தன. அவற்றுக்கும் பல்லைக் கடித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெரு முக்கில் வண்டியை நிறுத்தினான். புருஷன் பாண்டி வந்து ஒயர்கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வஞ்சுளவல்லி இறங்கி, ஒரு காலில் செருப்பை மாட்டி, மற்ற செருப்பைக் காணாமல் வண்டிக்குள் குனிந்து தேடினாள். அது ஓட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தவள், அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள், நைட்டிக் கழுத்தில் தையல் விட்ட இடத்தைப் பார்க்கிற மாதிரி.

"ஏலே பால்சாமி," என்றாள், "இந்த மேட்டக் கழத்திப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு போடு. ஓட்ட வழியா இஞ்சின் சூடு ஏறுது, காலு வேகுது. இந்தத் தடவ ரெண்டு மடிப்பாப் போடு."